தகுதியுள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

2023 ஜூலை 24 அன்று தொப்பூருக்கு முதலமைச்சர் வந்தார். மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதிகிற முகாமைத் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் இத்தனை ஊர் இருக்க, அந்தத் தொடக்க விழா எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு வந்ததில் எங்களுக்குப் பெருமைதான். நல்ல பட்டியல் எதிலும் எங்கள் மாவட்டத்தைத் தேடுகிறவர்கள் அடியிலிருந்து தேடத் தொடங்குவார்கள், சீக்கிரம் கிடைத்துவிடும்.

பணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆயிரம் ரூபாயில் அரிசி வரும், மாத்திரை வரும், புருஷனிடம் கையேந்தாத ஒரு வாரம் வரும். என் சண்டை ஒரு சொல்லோடு. 'தகுதியுள்ள' குடும்பத் தலைவிகளுக்கு என்றார்கள். திட்டத்தின் பெயரில் 'உரிமை' இருக்கிறது, விதியில் 'தகுதி' இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாத மாமியார் மருமகள். இருப்பதாலேயே கிடைப்பது உரிமை. இன்னாருக்கு இது தகும் என்று இன்னொருவர் பார்த்துச் சொன்னால் கிடைப்பது தகுதி.

எப்படிப் பார்த்தார்கள்? 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. நன்செய் 5 ஏக்கருக்குள், புன்செய் 10 ஏக்கருக்குள். வருஷத்துக்குக் கரண்ட்டு 3,600 யூனிட்டுக்குள். கார், ஜீப், டிராக்டர் இருந்தால் கிடையாது. அரசுச் சம்பளமோ ஓய்வூதியமோ வருகிற வீடு என்றால் கிடையாது. ஒரு பொம்பளைக்கு என்ன தகும் என்பதைக் கரண்ட்டு மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுகிற அரசு இது. அளக்கத் தெரியாத அரசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த மண்ணில் தகுதி பார்த்துக் கொடுத்தவன் என்று பேர் வாங்கியவன் ஒருவன் உண்டு. தகடூர் அதியமான். சாவைத் தள்ளிப்போடுகிற நெல்லிக்கனி கைக்கு வந்தபோது தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். வருமானச் சான்று கேட்கவில்லை, ரேஷன் கார்டு நகல் கேட்கவில்லை. யாருக்குத் தகும் என்று பார்த்தான், கொடுத்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் கனியைத் தாங்கள் தின்றுவிட்டு, கொட்டையை யாருக்குக் கொடுக்கலாம் என்று முகாம் போடுகிறார்கள். (ஊர்ப் பெயரில் தருமம் இருப்பதை வைத்து நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அந்தச் சிலேடையைக் கேட்டுக் கேட்டு எங்கள் ஊர் எருமைகளுக்கே சலித்துவிட்டது.)

யாருக்கு என்ன தகும், ஏன் தகும் என்ற கேள்வியைத் தத்துவக்காரர்கள் நெடுங்காலமாக மென்றுகொண்டிருக்கிறார்கள். ஜோயல் ஃபெயின்பெர்க் என்ற அமெரிக்கர் 1963-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது எளிமையானது. ஒருவருக்கு ஒன்று தகும் என்றால், அதற்கான காரணம் அவரிடத்திலேயே இருக்க வேண்டும். அவர் செய்தது, அவர் உழைத்தது, அவர் பட்டது, இப்படி ஏதாவது. காரணம் காட்ட முடியாமல் 'தகும்' என்று சொன்னால் அது பேச்சே இல்லை. பாவம் மனிதர், அரூர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்ததில்லை. இங்கே தீர்ப்பு முதலில் வரும். காரணத்தைப் பிறகு சாவகாசமாகத் தேடிக்கொள்ளலாம்.

"வாச்சாத்திக்காரங்களாண்ணா? சந்தனக் கட்டை வெட்டுனவங்கதானே."

"ஆம்பளைங்க வெட்டுனாங்கன்னே வெச்சுக்க. பொம்பளைங்க என்னப்பா பண்ணாங்க?"

"வூட்ல இருந்தவங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

டீ ஆறுவதற்குள் ஒரு கிராமத்துக்கு என்ன தகும் என்று முடிவாகிவிட்டது. இப்படிப்பட்ட பேச்சைப் பல வருஷமாகக் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் டீ கசக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். என் வீரம் அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் மறந்திருப்பீர்கள், உங்களுக்காகவும்தான். அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரம், வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடிகள் வாழும் ஊர். 1992 ஜூன் 20. காலையில் சந்தனக் கட்டை தேடி வனத்துறை வந்தது; ஊர்க்காரர்களோடு தகராறு, கைகலப்பு. பிறகு படை வந்தது. வழக்கில் பின்னால் சேர்க்கப்பட்ட கணக்குப்படி வனத்துறையில் 155 பேர், போலீஸில் 108 பேர், வருவாய்த் துறையில் 6 பேர். ஆக 269. ஊரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள். கட்டை ஒளித்த இடத்தைக் காட்டு என்று 18 பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப் போனார்கள். அவர்களில் பள்ளிக்கூட வயதுச் சிறுமியும் உண்டு. அங்கே நடந்ததற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது: கூட்டுப் பாலியல் வல்லுறவு. வீடுகளை இடித்தார்கள். ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேலம் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் மலைக்கு ஓடினார்கள்.

தானியத்தைப் பாழாக்கிய இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுகிறேன். கட்டையைத் தேட வந்தவனுக்குக் குதிரில் என்ன வேலை? கிணற்றில் என்ன வேலை? கோபம் வந்தால் மனிதன் அடிப்பான். அது மிருகத்தனம், ஆனால் புரிந்துவிடும். குடிதண்ணீரைக் கெடுப்பதற்குக் கோபம் போதாது, நிதானம் வேண்டும். 'இவர்களுக்கு நாளைக்கும் இது தகாது' என்று ஒருவன் யோசித்திருக்க வேண்டும். அதுவும் ஒருவகைத் தத்துவம்தான். அரசுச் சம்பளத்தில் நடந்த தத்துவம்.

பட்டினத்தார் கதை எல்லோருக்கும் தெரியும். அக்காள் விஷம் வைத்துக் கொடுத்த அப்பத்தை அவர் கூரை ஓட்டில் செருகிவிட்டு நடக்க, வீடு பற்றி எரிந்தது. செய்தவளின் வினை செய்தவளின் வீட்டைச் சுட்டது. நம் ஊரில் வினைப்பயன் என்றால் கணக்கு இவ்வளவு நேர் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். வாச்சாத்தியில் எந்தக் கூரையிலும் யாரும் அப்பம் செருகவில்லை. வீடுகள் மட்டும் விழுந்தன.

அடுத்த அங்கம் இன்னும் ருசியானது. அன்றைய ஆட்சி, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விஷயத்தை வெளியே கொண்டுவந்தன. கட்சியின் மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் நீதிமன்றம் போனார். பொறுப்பான பதவியில் இருக்கும் அதிகாரிகள் இப்படியெல்லாம் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற போக்கில் உயர் நீதிமன்றம் முதலில் மனுவைத் தள்ளியது. பார்த்தீர்களா, இதுவும் தகுதிதான். பதவி இருந்தால் நம்பிக்கை தகும். பதவியின் அடிப்படையில் ஒருவனுக்கு நல்லவன் என்ற பட்டம் முன்பணமாகக் கிடைத்துவிடுகிறது. விறகு சுமக்கிற பெண்ணுக்கோ, தனக்கு நடந்தது நடந்தது என்று சொல்வதற்கே முதலில் தகுதிச் சான்று வேண்டியிருக்கிறது. அந்தச் சான்றைக் கொடுத்தவரும் ஓர் அதிகாரிதான், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போனார், பெண்களிடம் பேசினார், கேட்டதை அறிக்கையில் எழுதினார். ஓர் ஆள் தன் வேலையைச் செய்தால் எவ்வளவு பெரிய கலகம் ஆகிவிடுகிறது பாருங்கள். 1995-இல் வழக்கு சிபிஐ-க்குப் போனது.

பிறகு காலம் தன் வேலையைச் செய்தது. அந்த வழக்கில் காலத்தைப் போல் உழைத்த வக்கீல் வேறு யாருமில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது வயது 19 ஆகியிருந்தது, வழக்குக்கு. 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேர். வனத்துறை 126, போலீஸ் 84, வருவாய்த் துறை 5. அத்தனை பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுபடவில்லை. வல்லுறவுக்காக 17 பேர். அவர்களில் 12 பேருக்குப் பத்து ஆண்டு, 5 பேருக்கு ஏழு ஆண்டு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

இம்மானுவேல் காண்ட் என்ற ஜெர்மானியர் 1797-இல் ஒரு தீவைக் கற்பனை செய்தார். அந்தத் தீவு மக்கள் தங்கள் சமூகத்தையே கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்து போக முடிவெடுக்கிறார்கள். அப்போதும், சிறையில் கிடக்கிற கடைசிக் கொலைகாரனுக்கு உரிய தண்டனையைக் கொடுத்துவிட்டுத்தான் படகேற வேண்டும் என்றார். இல்லாவிட்டால் ரத்தப்பழி ஊர் முழுவதன் தலையிலும் ஏறும். எனக்குத் தூக்கில் நம்பிக்கை இல்லை, காண்ட்டின் இறுக்கமும் பிடிக்காது. ஆனால் அந்தத் தீவுக்காரர்களின் அவசரத்தை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. நம் தீவில் படகு ஏற்கெனவே போய்விட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் சம்பளம் வாங்கினார்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தார்கள், பலர் மாலை போட்டுப் பணி ஓய்வும் பெற்றார்கள். 54 பேருக்குத் தகுந்தது என்ன என்று எந்தக் கோர்ட்டும் இனிச் சொல்ல முடியாது. அவர்கள் வீட்டில் அவர்கள் படத்துக்கு எந்தக் களங்கமும் இல்லாத மாலை தொங்கும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் ஒரு சிலம்பு விஷயத்தில் விசாரிக்காமல் கொன்றுவிட்டோம் என்று தெரிந்ததும் சிம்மாசனத்திலேயே உயிரை விட்டான். ரொம்ப உணர்ச்சிவசப்பட்ட மனிதன். மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. வாச்சாத்தியில் தண்டிக்கப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் 12 வருஷம் கிடைத்தது.

இதே மாவட்டத்தில் இன்னொரு தராசும் இருக்கிறது. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை. தலைவிக்கு இது தகாது என்று தொண்டர்கள் முடிவு செய்தார்கள். இலக்கியம்பட்டியில் அவர்களுக்கு அகப்பட்டது சுற்றுலா முடிந்து திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்து. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். மூன்று பெண்கள் கருகிச் செத்தார்கள். நீதிபதி எழுதிய தீர்ப்புக்கு ஃபெயின்பெர்க் கேட்ட காரணம் அந்த மூன்று பெண்களிடம் எங்கே இருந்தது? பேருந்தில் இருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

2007-இல் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2016-இல் அதே உச்ச நீதிமன்றம், கும்பல் வெறியில் நிதானம் இழந்து செய்தது, திட்டமிட்ட கொலை அல்ல என்று ஆயுளாகக் குறைத்தது. சரி. நான்தான் தூக்கு வேண்டாம் என்றேனே, பேசாமல் ஒப்புக்கொள்கிறேன். அடுத்தது வேறு. 2018 நவம்பரில் மூவரும் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாச் சலுகை. ஆளுநர் கோப்பை ஒருமுறை திருப்பி அனுப்பினார். மறுபடி போனது, கையெழுத்தானது. அதே விழாவில் வேறு பலரும் வெளியே வந்தார்கள், அவர்களில் எத்தனையோ பேருக்கு அது தகும், மறுக்கவில்லை. இந்த மூவருக்கு மட்டும் ஃபெயின்பெர்க்கை எழுப்பிக் கேட்க ஆசை. ஐயா, 1917-இல் ஒரு குழந்தை பிறந்தது. ஆகவே 2018-இல் இவர்கள் விடுதலைக்குத் தகுதி பெற்றார்கள். காரணம் சம்பந்தப்பட்டவரிடத்தில் இருக்க வேண்டும் என்றீர்களே. இருக்கிறது ஐயா, அவர்கள் கட்சி உறுப்பினர்கள்.

கவனியுங்கள்: கும்பலாகச் சேர்ந்து செய்தால் குற்றவாளிக்கு அது தள்ளுபடி. கும்பலாகச் சேர்ந்து வாழ்ந்தால் பாதிக்கப்பட்டவனுக்கு அது கூடுதல் வரி. பேருந்தை எரித்தவனைப் பார்த்து 'தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டான், பாவம்' என்கிறோம். வாச்சாத்திப் பெண்ணைப் பார்த்து 'அந்த ஊரே அப்படித்தானே' என்கிறோம்.

2012 நவம்பர் 7 பற்றி நீளமாக எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒரு தலித் இளைஞன் வேறு சாதிப் பெண்ணை மணந்தான் என்பதற்காக நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தார்கள். காதலித்தது ஒருவன். எரிந்ததோ பெங்களூரில் கூலி வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பீரோவும் பைக்கும் டிவியும். 'இவனுங்களுக்கெல்லாம் இது கேக்குதா' என்று நம் ஊரில் ஒரு வசவு உண்டு. பொருளாதாரத்தில் அதற்குப் பெயர் தெரியவில்லை. உழைப்புக்கு ஏற்ற பலன் தகும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உழைத்துப் பலன் பெற்றவன் வீட்டில் அந்தப் பலனைத் தேடிப் பிடித்து எரித்தார்கள். அப்படியானால் இந்தக் கூட்டத்துக்குத் தெளிவான தத்துவம் இருக்கிறது: தகுதி என்பது உழைப்பில் வருவதல்ல, பிறப்பில் வருவது.

இதற்கு நேர் எதிராகப் பேசியவர் ஜான் ரால்ஸ். 1971-இல் வந்த அவருடைய நூல், நாம் எங்கே பிறந்தோம், என்ன திறமையோடு பிறந்தோம் என்பதில் யாருக்கும் எந்தப் பெருமையும் தகாது, அது குலுக்கலில் விழுந்தது என்று வாதிட்டது. சித்தேரி அடிவாரத்தில் பிறப்பதற்கு யாரும் தவறு செய்யவில்லை, போயஸ் கார்டனில் பிறப்பதற்கு யாரும் தவம் செய்யவில்லை. இதை நம் ஊரில் சொன்னால் தலையை ஆட்டுவார்கள். அப்புறம் 'எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து' என்பார்கள். ரால்ஸ் குலுக்கல் என்ற சொல்லால் சொன்னதை இவர்கள் தலையெழுத்து என்ற சொல்லால் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். குலுக்கல் என்றால், விழாதவனுக்கு விழுந்தவன் பதில் சொல்ல வேண்டும். தலையெழுத்து என்றால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

சந்தன மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் வெட்டிச் சுமந்தவனுக்குக் கூலி. அதை லாரியில் ஏற்றி மாநிலம் தாண்டி விற்றவனுக்கு மாளிகை. அடிபட்டது யார் என்று கேட்க வேண்டாம். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளிய நீதிபதி பி. வேல்முருகன் இதைத்தான் எழுதினார்: உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்ற அதிகாரிகளும் அரசும் சேர்ந்து ஆடிய நாடகம், அதில் பலியானவர்கள் அப்பாவிப் பழங்குடிப் பெண்கள். தீர்ப்பு எழுதுமுன் அவர் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மூவர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். முப்பத்தோரு வருஷம் அந்த மூன்று நாற்காலிகளின் பக்கம் யார் பார்வையும் போகவில்லை. சந்தனக் கட்டை இருந்த இடம் வீட்டிலிருந்த பெண்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்கிற டீக்கடை, 269 பேர் எங்கே போனார்கள் என்பது கலெக்டருக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதே தீர்ப்பில் 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். குடும்பத்துக்கு வேலையோ தொழிலோ செய்து கொடுக்க வேண்டும். நல்ல தீர்ப்பு, மனதாரச் சொல்கிறேன். ஆனால் கணக்கு வாத்தியார் பிள்ளை நான், சும்மா இருக்க முடியவில்லை. இடையில் வந்த நிவாரணங்களைத் தனியே வையுங்கள். பத்து லட்சத்தை 31 வருஷத்தால் வகுத்தால் வருஷத்துக்கு 32,258. மாதத்துக்கு 2,688. நாளுக்கு 88 ரூபாய். ஏரிக்கரையில் நடந்ததற்கும், சிறைக்கும், ஊரார் பார்த்த பார்வைக்கும், சாட்சிக் கூண்டில் மறுபடி மறுபடி சொன்னதற்கும், எல்லாம் சேர்த்து நாளுக்கு 88 ரூபாய்.

தொப்பூர் முகாம் நடந்தது ஜூலையில். இந்தத் தீர்ப்பு வந்தது செப்டம்பர் கடைசியில். அதே ஆண்டு, அதே மாவட்டம். அதனால் அந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். வாச்சாத்திப் பெண்ணை அதில் நிரப்பிப் பார்த்தால் எந்தச் சிக்கலும் இல்லை. வயது தாண்டியாயிற்று. நிலம் வரம்புக்குள். கரண்ட்டு வரம்புக்குள். ஜீப் இல்லை. ஒரே ஒருமுறை ஊருக்கு ஜீப்புகள் வந்தன, அவை அவளுடையவை அல்ல.

படை வந்த நாளில் ஜீப்பில் உட்கார்ந்திருந்தவர் வீட்டையும் நிரப்பிப் பார்த்தேன். இங்கேதான் இந்த அரசின் நியாய உணர்வைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. விசாரணை இல்லை, வாய்தா இல்லை, மேல்முறையீடு இல்லை, ஒரே வரியில் தீர்ப்பு. வீட்டில் ஓய்வூதியம் வருகிறதா? வருகிறது என்றால், தகுதி இல்லை.